குழியில் கார் குதித்தாலும் பாட்டு குதிக்காதது ஏன்?

காரில் சிடி பிளேயர் வந்தது 1984இல். வீட்டுக்குள் அசையாத மேசைமேல் வைப்பதற்கென்று வடிவமைத்த கருவியைக் குலுங்கும் வண்டிக்குள் பொருத்தத் துணிந்ததே பெரிய காரியம் என்பேன்.

சிடியில் இசை, மையத்தில் தொடங்கி வெளிநோக்கி விரியும் ஒரே சுருள் தடத்தில் பதிவாகியிருக்கிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி. ஒரு மில்லிமீட்டருக்குள் 625 சுற்றுகள் அடங்கிவிடும். இந்தத் தடத்தை 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர் தொடாமலே படிக்கிறது. சுழலும் தட்டு அரை மில்லிமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் ஆடக்கூடும். லேசரின் குவியமோ (ஒளி குவியும் புள்ளி) ஓரிரு மைக்ரோமீட்டர்கூட விலகக் கூடாது.

இதைச் சமாளிப்பது மெல்லிய கம்பிகளில் தொங்கும் ஒரு குட்டி லென்ஸ். அதை நகர்த்துவதற்காகச் சுற்றிலும் கம்பிச்சுருள்களும் காந்தங்களும் இருக்கின்றன. தட்டில் பட்டுத் திரும்பும் ஒளி, நான்கு பகுதிகளாகப் பிரித்த ஓர் உணரியில் (சென்சார்) விழுகிறது. குவியம் சரியாக இருந்தால் அங்கே விழும் ஒளிப்புள்ளி வட்டமாக இருக்கும். லென்ஸ் தட்டை நெருங்கிவிட்டால் புள்ளி ஒரு பக்கமாகச் சாய்ந்த நீள்வட்டமாகிறது. விலகிவிட்டால் எதிர்ப்பக்கம் சாய்கிறது. எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பது அந்தச் சாய்விலேயே தெரிந்துவிடுவதால் லென்ஸ் உடனே திருத்திக்கொள்கிறது. இந்த எளிமை என்னை இன்றும் வியக்க வைக்கிறது. கார் பிளேயரில் இந்த இயந்திரம் முழுவதுமே ஸ்பிரிங்குகளிலும் அதிர்வு தாங்கிகளிலும் மிதக்கிறது.

பெரிய பள்ளத்தில் லேசர் தடம் மாறிவிட்டால் நினைவகம் கைகொடுக்கும். இந்த வசதியுள்ள பிளேயர்கள் தட்டைத் தேவைக்கு மேல் வேகமாகப் படித்து, சில விநாடி இசையை முன்கூட்டியே சேமித்துக்கொள்கின்றன. மோட்டார் நின்றாலும் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் வருவதுபோல, லேசர் விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்கும்வரை சேமிப்பிலிருந்து பாட்டு வருகிறது. சாதாரண சிடியின் இசைக்கு விநாடிக்கு 14 லட்சம் பிட்டுகளுக்கு (0, 1 என்ற தரவுத் துணுக்குகள்) மேல் வேண்டும். தரவைச் சுருக்கிப் பதிந்த எம்பி3 பாட்டுக்கு ஒன்றேகால் லட்சம் பிட்டுகளே போதும் என்றால், அதே நினைவகம் பத்து மடங்குக்கும் அதிக நேரம் தாங்கும். எம்பி3 சிடிகள் குலுக்கலை எளிதில் தாங்குவதற்கு இதுவே காரணம்.

கீறலுக்கு மருந்து கணிதத்தில் இருக்கிறது. இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் 1960இல் வெளியிட்ட பிழைதிருத்த முறைதான் சிடிக்கு அடிப்படை. இசைத் தரவோடு கூடுதல் சரிபார்ப்பு எண்களைச் சேர்த்து, அடுத்தடுத்து வரவேண்டிய தரவைத் தடத்தில் தள்ளித் தள்ளிச் சிதறவிட்டுப் பதிகிறார்கள். ஓரிடத்தில் கீறல் விழுந்தால் பல இடங்களில் ஆளுக்குக் கொஞ்சம்தான் இழப்பு. அதைக் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம். தடத்தின் நீளத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் தரவு தொடர்ந்து அழிந்தாலும் முழுமையாகத் திரும்பக் கிடைக்கும். அதற்கும் மேல் போனால், இருபுறமும் எஞ்சிய ஒலி மதிப்புகளைப் பார்த்து நடுவில் இருப்பதைக் கருவி ஊகித்து நிரப்புகிறது.

ரேடியோவிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. எஃப்எம் அலை பலவீனமானால் முதலில் இரைச்சல் ஏறுவது, இடது வலது ஒலிகளின் வேறுபாட்டைச் சுமக்கும் பகுதியில்தான். பல கார் ரேடியோக்கள் அந்தப் பகுதியை மெல்லக் குறைத்து ஸ்டீரியோவை, இருபுறமும் ஒரே ஒலி வரும் மோனோவாக்கிவிடுகின்றன.

சிடியைத் துடைக்கும் முறைக்கும் காரணம் மேலே சொன்ன பிழைதிருத்தத்தில்தான் இருக்கிறது. வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீண்டு, தொடர்ச்சியான தரவை அழித்துவிடும். மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். அப்போது விழும் கீறல் ஒவ்வொரு சுற்றையும் குறுக்கே வெட்டிப் போகும், இழப்பு சிறிதாக இருக்கும். பளபளக்கும் பக்கத்தைவிடப் பெயர் அச்சிட்ட பக்கத்துக்கே அதிகக் கவனம் தேவை. தரவு அடுக்கு அந்த மையின் அடியில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழேயே இருக்கிறது. மறுபக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் அதிகமான பிளாஸ்டிக் காப்பாக நிற்கிறது.