சுவரில் ஒட்டிய வைஃபை பாஸ்வேர்டும் பில் போடும் லினக்ஸ் கணினியும்

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பல ஹோம்ஸ்டேக்களில் வைஃபை பாஸ்வேர்டை அட்டையில் எழுதி வரவேற்பறையில் ஒட்டியிருப்பார்கள். முன்பதிவுக் கணக்கும் விருந்தினரின் ஆதார் நகலும் இருக்கிற லினக்ஸ் கணினியும் அதே இணைப்பில்தான் ஓடும். 'லினக்ஸ்தானே, வைரஸ் வராது' என்ற தெம்பு வேறு. இங்கே வைரஸுக்கு வேலையே இல்லை.

பெரும்பாலான ரூட்டர்களில் இருக்கும் வைஃபை பூட்டு முறையான டபிள்யூபிஏ2-வில் பாஸ்வேர்டு தெரிந்த எவரும், உங்கள் கணினி ரூட்டருடன் இணையும் நொடியில் நடக்கும் பரிமாற்றத்தைப் பிடித்துவிட்டால், அந்த இணைப்பில் அடுத்துப் போவதையெல்லாம் பிரித்துப் படிக்கலாம். வங்கித் தளம் போன்றவை எச்டிடிபிஎஸ் என்ற தனிப் பூட்டுடன் இருப்பதால் தப்பும். பிரிண்டருக்குப் போகும் ஆதார் நகல் பெரும்பாலும் தப்பாது. 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 இந்த ஓட்டையை அடைத்தது.

அதனால் முதல் வேலை ரூட்டரில்: விருந்தினருக்குத் தனியாக கெஸ்ட் நெட்வொர்க். அதிலிருந்து உள் நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதிக்கும் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டு அடிக்காமல் பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணையுங்கள். அதன் 8 இலக்க பின் எண் இரண்டு பாதியாகச் சரிபார்க்கப்படுவதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் கிடைத்துவிடும்.

இனி லினக்ஸ். டெர்மினலில் என்எம்சிஎல்ஐ கட்டளையுடன் டிவைஸ், வைஃபை, லிஸ்ட் என்ற மூன்று சொற்களையும் சிற்றெழுத்தில் அடித்தால், பட்டியலின் கடைசி நெடுவரிசையில் ஒவ்வொரு நெட்வொர்க்கின் பூட்டும் தெரியும். உங்கள் பெயருக்கு நேரே டபிள்யூபிஏ1 இருந்தால் ரூட்டரில் டிகேஐபி என்ற பழைய, பலவீனமான என்கிரிப்ஷன் இன்னும் உயிரோடு இருக்கலாம். அதைவிட வலுவான ஏஇஎஸ் மட்டும் என்று மாற்றுங்கள். இரண்டு கோடு மட்டும் இருந்தால் பூட்டே இல்லை. கல்சுவர் பங்களாக்களில் சிக்னல் எட்டவில்லை என்று வாங்கி மாட்டிய மலிவு ரிப்பீட்டர் அப்படித் திறந்து கிடப்பதுண்டு. அதையும் தேடிப் பாருங்கள்.

டபிள்யூபிஏ3-க்கு மாற்றியதும் சில பழைய வைஃபை கார்டுகள் பாஸ்வேர்டை மறுபடி மறுபடி கேட்கும். பாஸ்வேர்டு தப்பில்லை; டபிள்யூபிஏ3 கட்டாயமாகக் கேட்கும் பிஎம்எஃப் பாதுகாப்பு அந்தக் கார்டுக்கோ டிரைவருக்கோ தெரியாது. அலுவலக நெட்வொர்க்கை மட்டும் ஏஇஎஸ்ஸுடன் டபிள்யூபிஏ2-விலேயே விடலாம், பாஸ்வேர்டு வெளியே போகாத வரை. 63 எழுத்து வரை இடம் இருக்கிறது. 20-க்குக் குறையாமல் வையுங்கள். வேலையாள் மாறினால் பாஸ்வேர்டும் மாறட்டும். ரூட்டர் அதே மேசையில் இருந்தால் லேன் கேபிளைச் செருகிவிடுவது இதைவிட நல்லது.

பாஸ்வேர்டை 'எல்லாப் பயனர்களுக்கும்' என்று சேமித்தால், லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் அதை ரூட் (நிர்வாகி) மட்டும் திறக்கக்கூடிய கோப்பில் வெறும் எழுத்தாக வைக்கும். லேப்டாப் திருடுபோனால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டியே படித்துவிடலாம். 'இந்தப் பயனருக்கு மட்டும்' என்றால் கீரிங் என்ற பாஸ்வேர்டு பெட்டகத்தில் பூட்டி வைக்கும். ஆனால் லாகின் செய்த பிறகே வைஃபை வரும். மின்வெட்டுக்குப் பின் தானாக இணைய வேண்டிய கணினிக்கு இது ஒத்துவராது. அதற்கு, லினக்ஸ் நிறுவும்போதே டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்தாலும் ஒவ்வொரு முறையும் ஒருவர் பாஸ்வேர்டு அடித்தாக வேண்டும். நகராத கணினி என்றால் முதல் வழியை வைத்துக்கொண்டு அறையைப் பூட்டுங்கள்.

உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் கூடவே வந்தாலும் அணைந்தேதான் இருக்கும். எனேபிள் கொடுத்து ஒருமுறை ஸ்டேட்டஸ் பாருங்கள்.