மூன்று வயதுக்கு முன்: நீலகிரிக் குழந்தைகளுக்கான அரசின் திட்டமிடல்

மூளையின் மொத்த வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கும் மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. அதிலும் கரு உண்டான நாள் முதல் இரண்டாவது பிறந்தநாள் வரையிலான ஏறத்தாழ ஆயிரம் நாட்களில் ஊட்டமும் அரவணைப்பும் பேச்சும் விளையாட்டும் குறைந்துபோனால், அந்தக் குறையைப் பிற்பாடு ஈடுகட்டுவது எவ்வளவு கடினம் என்பதைக் குழந்தை மருத்துவர்கள் அன்றாடம் காண்கிறோம். ஆனால் அரசு குழந்தைக்கென ஒதுக்கும் பணமும் ஆளும் முழுமையாகக் கிடைப்பது, குழந்தை தன் காலால் நடந்து ஒரு மையத்துக்கு வந்து உட்காரும் வயதில்தான். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் வீட்டுக்குச் சத்துமாவு வருகிறது, தடுப்பூசி போடப்படுகிறது, எடை பார்க்கப்படுகிறது. நாள் முழுவதும் குழந்தை யாரிடம் இருக்கிறது என்பதற்குத் திட்டத்தில் இடமில்லை. நீலகிரியில் இந்த இடைவெளி சமவெளியைவிடப் பெரிது. பணம் போதாமை மட்டும் அதற்குக் காரணமன்று. தலைக்கணக்கை மட்டுமே அளவாகக் கொண்டு திட்டமிடுவதும் காரணம்.

தமிழ்நாடு இத்துறையில் பின்தங்கிய மாநிலமன்று. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. 1980இல் உலக வங்கியின் உதவியோடு இங்கே தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளையே முதன்மையாகக் கருதியது. மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாமல் நிற்கும் குழந்தையை அடையாளம் கண்டு, அக்குழந்தைக்குத் தனியாகக் கூடுதல் உணவு கொடுப்பதே அதன் முறை. 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தது. இன்று மாநிலத்தில் 54,439 அங்கன்வாடி மையங்கள் உள்ளன. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் நாட்டளவில் 35.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் 25 விழுக்காடு. நாட்டைவிட நன்று என்றாலும், நான்கில் ஒரு குழந்தை என்பது சிறிய எண்ணன்று. ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளைக் கண்டறிந்து உதவும் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' என்ற மாநில அரசின் திட்டம் 2022 மே 21 அன்று உதகைக்கு அருகிலுள்ள முத்தொரை பாலாடாவில்தான் தொடங்கி வைக்கப்பட்டது என்பதை இம்மாவட்டத்தினர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அத்தகைய திட்டங்கள் அனைத்தும் எடையளவிலிருந்தே தொடங்குகின்றன. கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடி மாதத்து மழையில் ஒரு மையத்துக்கு வரும் ஒன்பது மாதக் குழந்தையைப் பாருங்கள். உள்சட்டை, மேற்சட்டை, கம்பளிச் சட்டை, காதை மூடிய குல்லாய், காலுறை, அனைத்துக்கும் மேலே ஒரு துண்டு. சன்னல் வழியே சாரல் அடிக்கும் அறையில், நெருப்போ சூடேற்றியோ இல்லாத இடத்தில், எந்தத் தாயும் குழந்தையின் உடைகளை அவிழ்க்கச் சம்மதிக்கமாட்டாள். பணியாளரும் வற்புறுத்த மாட்டார். துண்டை மட்டும் எடுத்துவிட்டு எடை போடப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஒன்பது மாதப் பெண் குழந்தைக்கு எடைக்குறைவின் எல்லை 6.5 கிலோ. உண்மையில் 6.3 கிலோ உள்ள குழந்தை, ஈரம் ஏறிய கம்பளியோடு 6.7 என்று பதிவாகிறது. அந்தப் பதிவு அங்கன்வாடிகளுக்கான கைப்பேசிச் செயலியில் ஏறியவுடன் அக்குழந்தை நலமான குழந்தை ஆகிவிடுகிறது. கூடுதல் உணவும் மருத்துவப் பரிந்துரையும் அவளைத் தேடி வருவதில்லை. ஒரு மையத்துக்கு ஒரு சூடேற்றியும் அதற்கான மின்கட்டணமும் மிகச் சிறிய செலவு. சமவெளியின் கோடையை மனத்தில் கொண்டு தயாரிக்கப்படும் பொருட்பட்டியலில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. இரத்தச்சோகைக் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கும் மேலே வாழும் உதகைக் குழந்தையின் ஹீமோகுளோபின் அளவு இயல்பாகவே கூடுதலாக இருக்கும் என்பதால், அதை இடத்தின் உயரத்துக்கேற்பத் திருத்திப் படிக்க வேண்டும். திருத்தாமல் படித்தால் சோகையுள்ள குழந்தைகள் பலர் கணக்கிலிருந்து நழுவிவிடுவர்.

மையங்களை எங்கே அமைப்பது என்பதற்கான விதிக்கு வருவோம். ஊர்ப்புறங்களில் 400 முதல் 800 பேருக்கு ஒரு அங்கன்வாடி. மலை, பழங்குடிப் பகுதிகளில் 300 முதல் 800 பேருக்கு ஒன்று. 150 முதல் 300 பேர் மட்டுமே உள்ள இடங்களில் குறு மையம். மலைக்குச் சலுகை தரப்பட்டது போலத் தோன்றினாலும், இவ்விதி ஆட்களை மட்டுமே எண்ணுகிறது, வழியை எண்ணவில்லை. தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான ஒரு மந்தில் சில குடும்பங்களே இருக்கும். பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளிலும், குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் உள்ள இருளர், குறும்பர் ஊர்களிலும் நிலைமை பெரிதும் வேறன்று. வரைபடத்தில் ஒரு கிலோமீட்டராகத் தெரியும் தூரம், பள்ளத்தில் இறங்கி ஓடையைக் கடந்து மேலே ஏறினால் முக்கால் மணி நேரமாகும். யானை நிற்கும் நாளில் அந்த வழி இல்லை என்றே பொருள். 2024 ஜனவரியில் பந்தலூர் வட்டத்தில், அங்கன்வாடியிலிருந்து தாயோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த மூன்று வயதுச் சிறுமியைச் சிறுத்தை தாக்கிக் கொன்றது. வடமாநிலத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பத்தின் குழந்தை அவள். அந்நாளில் எழுந்த போராட்டங்களும் பேச்சுகளும் பெரும்பாலும் சிறுத்தையைப் பற்றியே இருந்தன. ஒரு மூன்று வயதுக் குழந்தை தேயிலைப் புதர்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் நடந்து மையத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது என்பதும் அதே அளவு கேட்கப்பட வேண்டிய கேள்வி. மையத்தின் இடத்தைத் தீர்மானிக்கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் நிமிடங்களே முதல் அளவாக வேண்டும். மக்கள்தொகை அதற்குப் பின்னர்தான்.

அடுத்தது தாயின் வேலை நேரம். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் காலையிலேயே தோட்டத்துக்குள் இறங்கிவிட வேண்டும். பறித்த இலையை எடை போட்டுக் கொடுத்த பிறகே வீடு திரும்ப முடியும். அங்கன்வாடி அதற்கு முன்பே மூடிவிடுகிறது; மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் அங்கே இல்லை. பெரிய தோட்டங்களில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஓரளவு காத்தது: 50 பெண் தொழிலாளர்களோ, அவர்களுடைய பிள்ளைகள் 20 பேரோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் நடத்தியாக வேண்டும் என்றது. அச்சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. ஆனால் ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியின் தோட்டத்தில், இன்று ஒருவரிடமும் நாளை வேறொருவரிடமும் கூலிக்குப் பறிக்கும் பெண்ணை அந்தச் சட்டம் என்றுமே எட்டியதில்லை. அவளுடைய எட்டு மாதக் குழந்தை எட்டு வயது அக்காளின் இடுப்பில் இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகளின் வளர்ச்சி அங்கே தடைப்படுகிறது: ஒன்றுக்கு நேரத்துக்கு உணவில்லை, மற்றொன்றுக்குப் பள்ளியில்லை. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்தும் 'பால்னா' என்ற திட்டத்தை ஒன்றிய அரசு 2022இல் கொண்டுவந்து, நாடு முழுவதும் 17,000 மையங்களை இலக்காக வைத்தது. நல்ல திட்டம். தேயிலை மாவட்டங்களுக்கு அதில் முன்னுரிமை வேண்டும். திறக்கும் நேரமும் மூடும் நேரமும் கொழுந்து எடையின் நேரத்தோடு பொருந்த வேண்டும்.

பணம் எதில் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2017இல் திருத்தப்பட்ட அளவுப்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தையின் கூடுதல் உணவுக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய், கடுமையாக நலிந்த குழந்தைக்கு 12 ரூபாய். அந்த 8 ரூபாய்க்குள் 500 கிலோகலோரியும் 12 முதல் 15 கிராம் வரை புரதமும் தர வேண்டும் என்பது அப்போதைய விதி. தமிழ்நாடு முட்டையும் கலவை உணவும் சேர்த்து இதைக் கூட்டியிருக்கிறது; ஆயினும் லாரி மலையேறி, பிறகு ஜீப்பிலும் தலைச்சுமையிலும் போகும் பொருளுக்கான ஏற்றுக்கூலி இந்த விகிதத்தில் அடங்குவதில்லை. மறுபுறம், இரண்டு இலட்சம் மையங்களைத் தரம் உயர்த்தும் 'சக்ஷம்' திட்டத்தில் எல்.இ.டி. திரைகளும் இடம்பெற்றுள்ளன. கட்டடத்தையும் கருவியையும் நான் குறை கூறவில்லை. கூரை ஒழுகும் மையத்தில் பாடம் நடக்காது. ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்குத் தேவை திரையன்று, அவளோடு பேசும் ஒரு ஆள்.

இதற்கு உறுதியான சான்று ஜமைக்காவில் உள்ளது. 1986–87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் உயரம் குன்றிய 129 சிறு குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகளுக்கு, சுகாதாரப் பணியாளர்கள் சென்றனர். கையால் செய்த விளையாட்டுப் பொருட்களை வைத்துக்கொண்டு, குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். அக்குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, இருபது ஆண்டுகள் கடந்து பார்த்தபோது, வருகை பெறாதவர்களைவிட அவர்களுடைய வருமானம் 25 விழுக்காடு அதிகமாக இருந்தது. பொருளியல் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் அவ்வாய்வில் பங்கேற்றவர். நம் மலைக்கு இது நேராகப் பொருந்தும்: குழந்தை மையத்துக்கு வர முடியாத இடத்தில் ஆள் குழந்தையிடம் போகலாம். இன்று அந்த வேலையும் ஏற்கெனவே சமையல் மேற்பார்வை, முன்பருவக் கல்வி, செயலிப் பதிவு, தடுப்பூசி நாள், கணக்கெடுப்பு என்று பலவற்றைச் சுமக்கும் ஒரே பணியாளர் மீதே விழுகிறது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கென வீடு தேடிச் செல்லும் இரண்டாவது பணியாளரை, இயன்றவரை அந்தந்தப் பழங்குடியிலிருந்தே, பணியரிடம் பணியமொழியிலும் இருளரிடம் இருளமொழியிலும் பேசக்கூடியவரை நியமிப்பதே நான் பரிந்துரைக்கும் தலையாய முதலீடு.

இதற்கு நிதி எங்கே என்று கேட்கலாம். அங்கன்வாடி உணவுச் செலவை ஒன்றியமும் மாநிலமும் சரிபாதியாகப் பகிர்கின்றன. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு 90 விழுக்காடு தருகிறது. மலை என்பதற்காகத் தரப்படும் அந்தச் சலுகை, சமவெளி மாநிலத்துக்குள் அடங்கிய மலை மாவட்டத்துக்கு இல்லை. ஆனால் நீலகிரிக்குத் தனி அளவு வேண்டும் என்பது புதிய கோரிக்கையன்று: ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் வந்த மலைப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் இம்மாவட்டத்தை அப்படித்தான் நடத்தியது. மிகவும் நலிந்த பழங்குடிகளுக்காக ஒன்றிய அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'பிஎம் ஜன்மன்' திட்டத்தில் அங்கன்வாடிகளுக்கும் இடமுண்டு. தமிழ்நாட்டில் அதன்கீழ் வரும் ஆறு பழங்குடிகளும் நீலகிரியில் வாழ்கின்றனர்.

பெற்றோரும் ஊராரும் இதில் செய்யக்கூடியது உண்டு. ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தின் ஒன்பது கருப்பொருள்களில் குழந்தை நேய ஊராட்சியும் ஒன்று. அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும் கிராம சபைகள் அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னதாக வருபவை. அங்கே போகும்போது உங்கள் குடியிருப்பில் மூன்று வயது நிறையாத குழந்தைகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மையத்துக்கு நடக்கும் நிமிடங்கள், தாய் வேலைக்குப் போகும் நேரமும் திரும்பும் நேரமும், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரின் வயது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதைத் தீர்மானத்தோடு இணைக்கச் சொல்லி, தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு படியை வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் இன்னொன்றை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.