ரயில் வந்துவிட்டது, வீட்டுக்கு எப்படிப் போவது?

புதிதாக நீட்டிக்கப்பட்ட ஒரு புறநகர் ரயில் பாதையில், நிலையத்துக்கு மக்கள் எப்படி வந்து சேர்கிறார்கள் என்று கணக்கெடுக்கப் போயிருந்தேன். போக்குவரத்துத் திட்டமிடல்தான் என் தொழில். காலைக் கணக்கு முடிந்தது. மாலையில் திரும்புகிறவர்களையும் பார்த்துவிடலாம் என்று வாசலிலேயே நின்றேன். 7:42-க்கு ரயில் வந்தது. இரண்டு கையிலும் பையோடு ஒரு பெண் வேகவேகமாகப் படியிறங்கி வந்தார். நிறுத்தம் காலியாக இருந்தது. திருப்பத்தில் பஸ்ஸின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது.

"தினமும் இப்படித்தான் சார். அது 7:40-க்கே கிளம்பிடும். அடுத்தது எட்டு இருபதுக்கு" என்றார். அப்புறம் போனை எடுத்து, காரோடு வரச்சொல்லி வீட்டுக்குச் சொன்னார்.

இரண்டு நிமிட இடைவெளிதான். ரயிலின் அட்டவணையை ஓர் அலுவலகம் போட்டது, பஸ்ஸின் அட்டவணையை இன்னொன்று. பஸ் அட்டவணை ரயில் வருவதற்கு முன்பே போடப்பட்டது. அதற்கப்புறம் யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. பல கோடி செலவில் போட்ட பாதையின் பயன் அந்த நிறுத்தத்தில் வந்து நின்றுபோகிறது.

நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு ரயிலேறினால் ஒரு நாளைக்கு இரண்டு கார் ஓட்டம். வீட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்து விட்டுப் போய், மாலையில் மறுபடி வந்து கூட்டிப்போனால் நான்கு. அதில் இரண்டு, ஓட்டுபவரைத் தவிர ஆளில்லாமல் போகும் ஓட்டம். எல்லாமே குறைந்த தூரம். எஞ்சினும் புகையை வடிகட்டும் கருவியும் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் கார் அதிகம் மாசு கக்குவது அந்த முதல் சில நிமிடங்களில்தான். நெடுஞ்சாலையில் குறைந்த கார், நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் கூடிப்போகிறது. பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் தெருக்கள் அவை.

தீர்வு என்று எல்லோரும் முதலில் கேட்பது பெரிய பார்க்கிங். தொழிலுக்கு வந்த புதிதில் நானே என் அறிக்கையில் அதைத்தான் பரிந்துரைத்தேன். இன்று அதை எழுத மாட்டேன். வந்துபோகும் வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு ஏறக்குறைய 25 சதுர மீட்டர் வேண்டும். ஆயிரம் காருக்கு இரண்டரை ஹெக்டேர், அதாவது ஆறு ஏக்கருக்குமேல். ஆனால் அதில் வருகிறவர்கள் எல்லோரும் நெரிசல் நேரத்து ஒரே ரயிலில் அடங்கிவிடுவார்கள். நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் வீடுகளும் கடைகளும் வந்திருக்க வேண்டிய நிலம் அது. காலையில் சீக்கிரம் வருகிறவர்கள் இடத்தைப் பிடித்துவிடுவதால், பத்து மணி ரயிலுக்கு வருகிறவருக்கு இடம் கிடைப்பதில்லை. அவர் நகரம்வரை காரிலேயே போய்விடுகிறார்.

கனடாவின் டொராண்டோ வட்டாரத்தில் 1967-இல் தொடங்கிய 'கோ' ரயில்கள் இந்த வழியில்தான் வளர்ந்தன. பல தடங்களில் நெடுங்காலம் காலையில் நகருக்குள், மாலையில் வெளியே என்றுதான் ரயில் ஓடியது. நிலையங்களைச் சுற்றிப் பரந்த இலவசப் பார்க்கிங். வேலைக்குப் போகிறவருக்கு அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு குடும்பம் வேலைக்கு மட்டுமா போகிறது? பள்ளி, மருத்துவமனை, கடை, உறவினர் வீடு என்று நாள் முழுக்க ஓட்டம் இருக்கிறது. ரயிலை நம்பி இன்னும் தொலைவில் வீடு வாங்கியவர்களுக்கு இவையெல்லாமே காரில்தான்.

இதில் எனக்கு அதிக வருத்தம் தருவது உள்ளூர் பஸ்ஸுக்கு நேர்வதுதான். ரயில் வந்ததும், அதே வழியில் நகரம்வரை ஓடிய நீண்டதூர பஸ்ஸை நிறுத்துகிறார்கள். அதில் தப்பில்லை. மிச்சமாகும் வண்டிகளையும் ஓட்டுநர்களையும் நிலையத்துக்கு வரும் இணைப்பு பஸ்களுக்குத் திருப்பிவிட்டால் எல்லோருக்கும் லாபம். பல இடங்களில் பஸ்ஸை நிறுத்தியதில் மிச்சமாகும் பணம் ரயிலின் நடப்புச் செலவுக்குப் போய்விடுகிறது. அந்தத் தடத்தின் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர்களில் ரயிலேறாதவர்களும் உண்டு, பெரும்பாலும் முதியவர்கள், மாணவர்கள். அவர்களுக்கு இருந்த பஸ்ஸும் போய்விடுகிறது.

சரியாகச் செய்த ஊர்களும் இருக்கின்றன. 1965-இலேயே ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ரயில், பஸ் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து பொதுக் கட்டணமும் பொது அட்டவணையும் கொண்டுவரக் கூட்டமைப்பு அமைத்தன. சுவிட்சர்லாந்தின் ஜூரிக்கில் 1990-இல் புறநகர் ரயில் வலையமைப்பும், எல்லா வண்டிக்கும் செல்லும் ஒரே டிக்கெட்டும் சேர்ந்தே அறிமுகமாயின. சுவிட்சர்லாந்தில் ரயில் வந்து நிற்கும்போது பஸ் காத்திருக்கும், ஆள் மாறி ஏறியதும் கிளம்பும். ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் இது நடக்கும்படி அட்டவணை போடுகிறார்கள்.

ஆனால் அது நெருக்கமாக வீடுகள் உள்ள நாடு என்பார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் அப்படியல்ல. பரந்து விரிந்த, கார் ஆண்ட நகரம். 1992-இல் அங்கே வடக்குப் பாதை திறந்தது. நிலையங்கள் பல அதிவேகச் சாலையின் நடுவே அமைந்ததால் நடந்து வருவது கடினம். அதனால் பஸ்கள் நிலையத்தின் வாசல்வரை வரும்படி கட்டி, பஸ் தடங்களையே நிலையங்களை நோக்கித் திருப்பினார்கள். பார்க்கிங்கும் உண்டு, ஆனால் அதை மட்டுமே நம்பவில்லை. 2007-இல் தெற்கே மாண்டுரா வரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர் பாதையையும் இதே முறையில்தான் போட்டார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிறுத்த இடமிருக்கிறது. ஒரு காரின் இடத்தில் பத்துக்குமேல் சைக்கிள் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், அத்தனை பேருக்கும் கார் பார்க்கிங் கட்ட எவ்வளவு நிலம் வேண்டியிருக்கும்!

உங்கள் பகுதிக்கு ரயில் வரப்போகிறது என்றால், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நிலையத்தின் வரைபடத்தோடு பஸ் அட்டவணையையும் கேளுங்கள். அரைமணிக்கு ஒரு ரயிலும் நாற்பது நிமிடத்துக்கு ஒரு பஸ்ஸும் என்றால், இரண்டும் எப்போதாவதுதான் பொருந்தும். நிறுத்தத்தில் நிற்கும் ஒரு நிமிடம், வண்டிக்குள் இருக்கும் இரண்டு நிமிடம்போல நீளும். எங்கள் கணக்குகளில் காத்திருப்புக்கு அந்த அளவு எடைபோடுவது வழக்கம். கடைசி ரயிலுக்குப் பஸ் உண்டா என்றும் கேளுங்கள்.

நான் சொன்ன அந்த நிலையத்தில், எங்கள் அறிக்கைக்குப் பிறகு 7:40 பஸ்ஸை 7:48-க்கு மாற்றினார்கள். வண்டியோ ஆளோ கூடுதலாகத் தேவைப்படவில்லை. ஆனால் கடைசி மூன்று ரயில்களுக்கு இன்னும் பஸ் இல்லை. இரவு வேலை எப்போது முடியும் என்று தெரியாதவர்கள் காலையிலேயே காரை எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.