கணக்கு திறந்தவர்கள் எல்லாம் குடிவந்தவர்கள் அல்ல

புதிய சமூக வலைத்தளம் ஒன்று செய்தியில் அடிபட்டால் போதும், அந்த வாரமே எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "இது வந்துட்டா ஃபேஸ்புக் காலியாமே? நாமும் இப்பவே போய் இடம் பிடிச்சிடலாமா?" அமைப்புகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் சமூக வலைத்தளப் பக்கங்களை நடத்திக் கொடுப்பது என் தொழில். அதனால் கேட்கிறவர்கள் பொழுதுபோகாமல் கேட்பதில்லை. மாறுவதென்றால் ஆள், நேரம், பணம் எல்லாம் போட வேண்டும். மாறாமல் உட்கார்ந்திருக்க, வாடிக்கையாளர்கள் மொத்தமாக அந்தப் பக்கம் போய்விட்டால் அதுவும் நஷ்டம்தான்.

பெரும்பாலோர் இந்தக் கேள்விக்கு ஆப்பைத் திறந்து பார்த்தே பதில் தேடுகிறார்கள். வேகமாக ஓடுகிறதா, விளம்பரம் இல்லையா, பார்க்க அழகாக இருக்கிறதா என்று. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் நல்ல ஆப் என்பதற்காக மட்டும் ஒரு வலைத்தளம் ஜெயித்ததாக எனக்குத் தெரிந்து இல்லை. கூகுள் ப்ளஸ் கதையைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம், ஏனென்றால் தோற்பதற்கு அதனிடம் ஒரு காரணமும் இருப்பதாக அப்போது தெரியவில்லை.

2011 ஜூன் மாதம் அது வந்தது. பின்னால் கூகுளின் பணம், பொறியாளர்கள், ஜிமெயில், யூடியூப், ஆண்ட்ராய்டு எல்லாம் நின்றன. யோசனையும் மோசமில்லை. அலுவலக மேலாளரும் அத்தையும் பள்ளித் தோழனும் ஒரே பட்டியலில் இருப்பது ஃபேஸ்புக்கில் பலருக்கு அப்போது பெரிய தலைவலி. ஒரு படம் போட்டால் எல்லோர் கண்ணிலும் படும். கூகுள் ப்ளஸ் 'வட்டங்கள்' என்று கொண்டுவந்தது; குடும்பத்துக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்று ஆட்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, எது யாருக்குத் தெரிய வேண்டும் என்று நாமே முடிவு செய்யலாம். சில மாதங்களிலேயே ஃபேஸ்புக் நண்பர் பட்டியல்களைத் தானாகவே பிரித்துத் தரும் வசதியைக் கொண்டுவந்துவிட்டது. அதோடு அந்தச் சாதகம் பாதியாகிப்போனது.

மீதிப் பாதியில் இன்னொரு சிக்கல். புதிதாக வந்தவருக்குப் பார்க்க ஒன்றுமில்லாத நேரத்தில், முதலில் உட்கார்ந்து ஆட்களைப் பிரிக்கச் சொன்னார்கள். வேலை முதலில், பலன் பிறகு. சொந்தப் பெயரில்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேறு. 2013 நவம்பரில், யூடியூபில் கருத்து எழுத வேண்டுமென்றாலே கூகுள் ப்ளஸ் கணக்கு வேண்டும் என்று ஆக்கினார்கள். கணக்குகளின் எண்ணிக்கை ஏறியது; யூடியூப் பயனர்களின் கோபமும் சேர்ந்து ஏறியது. கடைசியில் 2018 அக்டோபரில், மூடப்போகிறோம் என்று அறிவித்தபோது கூகுளே ஒரு உண்மையைச் சொன்னது: அங்கு வந்துபோனவர்களின் வருகைகளில் 90 சதவீதம் ஐந்து வினாடிக்கும் குறைவு. ஐந்து வினாடி என்பது, கை தவறி எதையோ அழுத்திவிட்டு, 'அட, இது இல்லையே' என்று திரும்பி வரும் நேரம். 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கான கூகுள் ப்ளஸ் மூடப்பட்டது.

கணக்கு திறக்க வைப்பது பணம் இருந்தால் முடிகிற காரியம். திறந்தவர் நாளைக்கும் வர வேண்டுமென்றால், அவர் சொன்னதற்கு அவருக்குத் தெரிந்த யாராவது பதில் சொல்லியிருக்க வேண்டும். அங்கேதான் பழையவரின், அதாவது ஏற்கெனவே எல்லோரும் இருக்கும் தளத்தின், பலம் இருக்கிறது. மற்ற மென்பொருள் பிடிக்கவில்லை என்றால் நான் மட்டும் மாறிக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. சமூக வலைத்தளத்தில் நான் மட்டும் மாறினால் தனியாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு குழுவில் அத்தனை பேருக்குமே பழைய இடம் சலித்துப் போயிருக்கலாம். இருந்தும் ஒவ்வொருவரும் 'மற்றவர்கள் போகட்டும், பிறகு பார்ப்போம்' என்று காத்திருப்பதால் யாருமே நகர்வதில்லை. வலையமைப்பு விளைவு என்று இதைச் சொல்வார்கள்.

சரி, அப்படியென்றால் பழையவரை யாரும் அசைக்கவே முடியாதா? முடியும். ஃபேஸ்புக்கே ஒரு காலத்தில் புதியவர்தான்.

அப்போது பெரியவர் மைஸ்பேஸ். 2005-இல் ரூபர்ட் மர்டோக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் 58 கோடி டாலர் கொடுத்து அதன் தாய் நிறுவனத்தை வாங்கியது. 2011-இல் விற்றபோது கிடைத்தது சுமார் மூன்றரைக் கோடி டாலர். இடையில் நடந்ததைப் பலர் 'ஃபேஸ்புக் சுத்தமாக, ஒழுங்காக இருந்தது' என்று சுருக்கிச் சொல்வார்கள். அதிலும் உண்மை உண்டு. மைஸ்பேஸ் பக்கங்கள் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களும் தானாக ஓடும் பாட்டுமாக இருந்தன. ஆனால் எனக்கு முக்கியமாகத் தெரிவது ஃபேஸ்புக் பரவிய விதம். 2004 பிப்ரவரியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் தொடங்கியது. அப்புறம் ஒவ்வொரு கல்லூரியாகத் திறந்தார்கள். மின்னஞ்சல் முகவரி இருந்தால் யாரும் சேரலாம் என்று கதவைத் திறந்தது 2006 செப்டம்பரில்தான். உலகக் கணக்கில் பார்த்தால் அது மைஸ்பேஸுக்குப் பக்கத்திலேயே நிற்க முடியாத பொடியன். ஆனால் ஒரு கல்லூரி மாணவருக்கு உலகக் கணக்கு எதற்கு? அவர் தினம் பார்க்கிற முகங்கள் எல்லாம் அங்கே இருந்தன. அந்தக் கல்லூரிக்குள் ஃபேஸ்புக்தான் பெரியவர்.

அதனால்தான் 'எத்தனை கோடிப் பேர் சேர்ந்தார்கள்' என்ற செய்தியை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. கோடிப் பேர் உலகமெங்கும் சிதறிக் கிடந்தால், ஒவ்வொருவருக்கும் அது காலி இடம்தான். ஆயிரம் பேரே இருந்தாலும், அந்த ஆயிரமும் ஒருவருக்கொருவர் வேண்டியவர்களாக இருந்தால் அங்கே பேச்சு நடக்கும்.

இன்னொரு வழி, நண்பர்கள் இல்லாமலே பயன்படுவது. 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தபோது, யாரும் பின்தொடராவிட்டாலும் உங்கள் போன் படம் அதில் அழகாகும். அதை அங்கிருந்தே ஃபேஸ்புக்குக்கும் ட்விட்டருக்கும் அனுப்பலாம். ஆட்கள் பிறகு சேர்ந்தார்கள். டிக்டாக் இதில் ஒரு படி மேலே போனது. நீங்கள் யாரையுமே தேட வேண்டாம். எந்த வீடியோவில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதைப் பார்த்தே அடுத்ததை எடுத்துப் போட்டது. பல வருடங்களாக ஃபேஸ்புக் சேர்த்து வைத்திருந்த நண்பர் பட்டியல் என்ற கோட்டை அங்கே பெரிதாக உதவவில்லை. எனக்குத் தெரிந்து பழையவர்களை நிஜமாகவே பயமுறுத்திய புதியவர் டிக்டாக்தான்.

பழையவர்களும் சும்மா இருப்பதில்லை. முதல் வேலை, விலைக்கு வாங்குவது: 2012-இல் இன்ஸ்டாகிராமுக்கு ஃபேஸ்புக் 100 கோடி டாலர் விலை பேசியது. விற்க மறுத்தால் நகலெடுப்பது: ஸ்னாப்சாட் விலைபோகவில்லை, 2016 ஆகஸ்டில் அதன் 'ஸ்டோரி' அப்படியே, பெயரோடு, இன்ஸ்டாகிராமுக்கு வந்தது. மூன்றாவது, கதவைச் சாத்துவது. 2013 ஜனவரியில் ட்விட்டரின் குறும்வீடியோ ஆப்பான வைன் வெளியான அன்றே, அதன் பயனர்கள் தங்கள் ஃபேஸ்புக் நண்பர்களைத் தேடிச் சேர்க்கும் வசதியை ஃபேஸ்புக் துண்டித்தது. அதற்கு மார்க் ஸக்கர்பெர்க் மின்னஞ்சலில் சம்மதம் சொன்னது, 2018-இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு வெளியிட்ட ஆவணங்களில் இருக்கிறது. ஆறு வினாடி வீடியோவைப் பார்த்து அவ்வளவு பெரிய நிறுவனம் பதறியது வேடிக்கைதான், ஆனால் பதறியது சரியான இடத்தில். புதியவருக்குத் தேவையான பொருள் அந்த நண்பர் பட்டியல்தானே.

போட்டியாளரை அரசாங்கமே தூக்கிப் போட்டால்கூடப் புதியவர்களுக்கு வழி திறந்துவிடும் என்று சொல்ல முடியாது. 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடைசெய்யப்பட்டது. குறும்வீடியோ ஆப்கள் வரிசைகட்டி வந்தன. பத்தே நாளுக்குள் இன்ஸ்டாகிராம் அங்கே ரீல்ஸைத் திறந்துவிட்டது; ஏற்கெனவே கோடிக்கணக்கான போன்களில் இருந்த ஆப்பில் ஒரு பட்டன் கூடியது, அவ்வளவுதான். யார் பக்கம் காற்று அடித்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய இடத்தின் மேல் கோபம் வரும்போது நடப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அதிகம் போன் வருவது அப்போதுதான். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியதும் ஒரு கூட்டம் மாஸ்டடானுக்குக் கிளம்பியது. அது ஒரே நிறுவனத்தின் இடம் இல்லை, பல சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அமைப்பு. 'எந்த சர்வரில் சேரப் போகிறீர்கள்?' என்ற முதல் கேள்வியிலேயே பலர் திரும்பிவிட்டார்கள். 2023 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டா கொண்டுவந்த த்ரெட்ஸ் ஐந்தே நாளில் பத்துக் கோடிப் பேரைச் சேர்த்தது. ஆனால் அதைப் புதியவரின் வெற்றி என்று எண்ணக் கூடாது. இன்ஸ்டாகிராம் கணக்கோடு, அங்கே பின்தொடர்ந்தவர்களையும் அள்ளிக்கொண்டு உள்ளே வரலாம். பழைய முதலாளியின் புதுக் கட்டடம் அது.

ட்விட்டரைப் போன்ற இன்னொரு தளமான புளூஸ்கை எனக்கு இதில் சுவாரசியமாகப் படுகிறது. 2024 பிப்ரவரி வரை அழைப்பு இருந்தால்தான் சேர முடியும். அந்த வருடம் நடுவில் 'ஸ்டார்ட்டர் பேக்' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஒரு துறையில் இருப்பவர்களை யாராவது பட்டியலாகப் போட்டு வைத்தால், புதிதாக வருபவர் ஒரே அழுத்தலில் அத்தனை பேரையும் பின்தொடரலாம். ஆகஸ்ட் கடைசியில் பிரேசிலில் எக்ஸ் (ட்விட்டரின் இப்போதைய பெயர்) தடைசெய்யப்பட்டபோதும், நவம்பர் அமெரிக்கத் தேர்தலுக்குப் பிறகும் கூட்டம் வந்தது. நவம்பருக்குள் இரண்டு கோடியைத் தாண்டியது. ஆய்வாளர்கள், பத்திரிகையாளர்கள் என்று சில கூட்டங்கள் குழுவாகவே இடம்பெயர்ந்தன. எக்ஸ் அதனால் காலியாகிவிடவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. 'போட்டியிட முடியுமா' என்ற கேள்விக்கு நான் பார்த்தவரை நடைமுறைப் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: இடத்தைப் பிடுங்க முடியாது, ஒரு மூலையைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். அந்த மூலையில் உங்கள் ஆட்கள் இருக்கிறார்களா என்பது உங்கள் கவலை.

அதை எப்படிப் பார்ப்பது? புதிய தளத்தில் உங்கள் துறையின் சொல் ஒன்றைத் தேடி, வருகிற பதிவுகளின் கீழே இறங்கிப் படியுங்கள். லைக்கை விடுங்கள். பதில் வந்திருக்கிறதா, பதிலுக்குப் பதில் வந்திருக்கிறதா, எழுதியவரைத் தவிர மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா? ஒரு தொழில்முறைச் சங்கத்துக்காக இப்படித் தேடியபோது, அவர்கள் துறையில் பெரிய பெயர்கள் எல்லாம் அங்கே கணக்கு வைத்திருந்தன, பதிவுகளும் தினம் விழுந்துகொண்டிருந்தன. கொஞ்சம் கூர்ந்து பார்த்தால், எல்லாமே பழைய தளத்திலிருந்து தானாக வந்து விழுபவை. சில பதிவுகள் பாதி வாக்கியத்தில் அறுந்து, பழைய தளத்தின் இணைப்போடு முடிந்தன. ஒன்றின் கீழே ஒருவர், "பயிற்சிக்கு வெளியாட்கள் சேரலாமா?" என்று கேட்டிருந்தார். பயிற்சியே முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. கேள்வி அப்படியே கிடந்தது. அந்தச் சங்கத்துக்கு நான் சொன்னது, பெயரை மட்டும் பதிவு செய்துவிட்டு வாருங்கள் என்று.

பெயரைப் பதிவு செய்வது மட்டும் எப்போதும் உடனே செய்ய வேண்டிய வேலை. புதிய தளங்களில் ஆரம்ப நாட்களில் சரிபார்ப்பு முறைகள் நொண்டியடிக்கும். உங்கள் பெயரில் வேறு யாரோ கணக்கு திறந்து உங்கள் வாடிக்கையாளரிடம் பணம் கேட்கலாம். திறந்த கணக்கில் 'நாங்கள் இங்கே தினமும் வருவதில்லை, இந்த முகவரியில் தொடர்புகொள்ளுங்கள்' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். பழைய கணக்கின் கடவுச்சொல்லை அப்படியே இங்கே போடாதீர்கள். தேடலில் முதலில் வரும் ஆப்தான் அசல் என்று நம்பி இறக்காமல், அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இணைப்பை எடுங்கள். ஒரு பெயர் பிரபலமான வாரத்தில் போலிகளும் கிளம்பும். அப்புறம், 'நண்பர்களைக் கண்டுபிடிக்க உங்கள் தொடர்புகளைப் பகிரவும்' என்று கேட்கும். அங்கே நீங்கள் கொடுப்பது உங்கள் தகவலை அல்ல, உங்களை நம்பி எண் கொடுத்த அத்தனை பேருடைய தகவலையும். அலுவலகப் போன் என்றால் வேண்டாம் என்றே அழுத்துங்கள்.

பழைய இடமே பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். சர்வர் மாற்றும்போது பழைய கோப்புகள் போய்விட்டன என்று 2019-இல் மைஸ்பேஸ் ஒப்புக்கொண்டது. பல வருடங்களாக இசைக்கலைஞர்கள் ஏற்றி வைத்த பாடல்களில் பெரும்பாலானவை திரும்ப வரவில்லை. கூகுளின் பழைய சமூக வலைத்தளமான ஆர்குட்டும், வைனும் மூடப்பட்டவைதான். போடுகிற படம், வீடியோ, எழுத்து எல்லாவற்றுக்கும் உங்கள் கையில் ஒரு பிரதி இருக்கட்டும்.

ஆனால் பிரதி எடுக்க முடியாத ஒன்று பின்தொடர்பவர்கள். ஃபேஸ்புக்கில் உங்கள் தரவை இறக்கிக்கொள்ளலாம். பதிவுகள் வரும், நண்பர்களின் பெயர்கள்கூட வரும், அந்தத் தொடர்பு இன்னொரு தளத்தில் உயிரோடு எழாது. மாஸ்டடானில் இதற்கு நேர்மாறு: ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் பெரிய மெசேஜிங் சேவைகள் மற்ற சேவைகளோடு இணைந்து இயங்க வேண்டும் என்கிறது, ஆனால் சமூக வலைத்தளங்களை அந்தக் கட்டாயத்துக்குள் கொண்டுவரவில்லை. சட்டம் அங்கே நீளும்வரை, தளம் மாறினாலும் கூட வருகிற பட்டியல் என்று ஒரு அமைப்புக்கு இருப்பது, சம்மதம் கேட்டு வாங்கிய மின்னஞ்சல் முகவரிகள்தான். புதிய தளத்தைப் பற்றிக் கேட்டுப் போன் செய்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது அந்தப் பட்டியலைப் பற்றித்தான். பெரும்பாலும் அது யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரில், மூன்று வருடத்துக்கு முன்னால் திறந்த எக்ஸல் கோப்பாக இருக்கிறது. முதல் மாத வேலையே அதைத் தூசி தட்டுவதாகிவிடுகிறது.