பயோட்டைட்: கறுப்புக் காக்காப்பொன்

பயோட்டைட் ஒரு கறுப்பு மைக்கா. பெயர் 'பயோ' என்று தொடங்குவதால் உயிரியலுக்கும் இந்தக் கனிமத்துக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஓர் உறவும் இல்லை. அது ஓர் ஆளின் பெயர். பிரெஞ்சு இயற்பியலாளர் ழான் பாப்டிஸ்ட் பியோ, 1804இல் வேதியியலாளர் கே லுசாக்குடன் பலூனில் ஏறி வானத்தை ஆராய்ந்தவர். மைக்காவுக்குள் ஒளி எப்படிப் போகிறது என்று பார்த்து, எல்லா மைக்காவும் ஒரே மாதிரி இல்லை என்று காட்டியவரும் அவர்தான். அவரைச் சிறப்பிக்க 1847இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஹவுஸ்மன் வைத்த பெயர் இது. ஆகவே 'உயிரி' என்று தொடங்கும் எந்த மொழிபெயர்ப்பும் இங்கே செல்லாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதலில் மைக்காவுக்கு வருவோம். லத்தீனில் 'மிகா' என்றால் துணுக்கு. தமிழில் வழங்கும் அப்பிரகம் வடமொழியிலிருந்து வந்தது. 'அப்ரம்' என்றால் மேகம். சித்த மருந்துக் கடையில் அப்பிரகச் செந்தூரம் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் ஆற்று மணலில் மின்னும் செதிலை எடுத்து விளையாடிய பிள்ளைகளுக்கு அது காக்காப்பொன். பயோட்டைட் புதிதாக இருக்கும்போது கறுப்பு. வெயிலிலும் மழையிலும் கிடந்து அதிலுள்ள இரும்பு மாறும்போது வெண்கல மஞ்சளாகப் பளபளக்கும். பொன் என்று ஏமாறத் தோதான நிறம். ஜெர்மனியில் இதைப் பூனைப்பொன் என்கிறார்கள். அங்கே பூனை, இங்கே காக்கை. இரண்டு ஊரிலும் ஏமாந்தது மனிதன்தான்.

கையில் எடுத்தால் அடையாளம் சுலபம்: கறுப்பு, நகத்தால் ஏடு ஏடாக உரிக்கலாம். நுண்ணோக்கியில் கதை வேறு. பாறையை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டியபின் கறுப்பு போய்விடும். பழுப்பாகத் தெரியும், சில சமயம் பச்சையாக. அதன்மேல் சீப்பால் வாரியதுபோல ஒரே திசையில் நெருக்கமான கோடுகள். அவை ஏடு பிரியும் இடங்கள். ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் தளவிளைவுத் தகடுகளில் கீழே உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தாங்கும் மேடையைச் சுழற்றினால் வெளிர் மஞ்சள், அடர் பழுப்பு, மறுபடி வெளிர் மஞ்சள் என்று நிறம் மாறும். இதுதான் பன்னிறத்தன்மை. தகடு விடும் ஒளி அதிரும் திசையில் கோடுகள் அமையும்போது நிறம் மிக அடர்த்தி. டூர்மலின் என்ற கனிமம் இதற்கு நேர் எதிர்: நீளவாட்டம் அத்திசைக்குக் குறுக்கே இருக்கும்போதுதான் இருளும்.

உண்மையான குழப்பம் ஹார்ன்பிளெண்ட் என்ற இன்னொரு கருநிறக் கனிமத்தோடு. அதுவும் பழுப்பு அல்லது பச்சை, அதுவும் நிறம் மாறும். குறுக்குவெட்டில் அதற்கு இரண்டு திசைக் கோடுகள், ஏறக்குறைய 56 பாகையில் வெட்டிக்கொள்ளும், பயோட்டைட்டுக்கு ஒன்றுதான். நீளவெட்டில் மட்டும் இரண்டும் ஒரே திசைக் கோடுகளைக் காட்டி ஏய்க்கும். அப்போது மேலே உள்ள தளவிளைவுத் தகட்டையும் போட்டுச் சுழற்ற வேண்டும். பார்வையில் தெரியும் குறுக்குக் கம்பியோடு கோடுகள் கிட்டத்தட்ட ஒன்றும்போதே பயோட்டைட் இருண்டுவிடும், ஹார்ன்பிளெண்ட் பெரும்பாலும் சாய்ந்த நிலையில்தான் இருளும். இன்னொன்று: பயோட்டைட் ஒருபோதும் முழுசாக அணையாது, அங்கங்கே புள்ளி புள்ளியாக மினுக்கிக்கொண்டே இருக்கும். எனக்கு இந்த மினுக்கல்தான் கோணத்தை அளப்பதைவிட நம்பகம்.

ஒரு பொறி உண்டு. ஏட்டுக்கு இணையாக வெட்டுப்பட்ட துண்டில் கோடும் இருக்காது, நிறமாற்றமும் ஏறக்குறைய இருக்காது. அதை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது, பக்கத்துத் துண்டைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்தக் கருவளையங்கள். பயோட்டைட்டுக்குள் மாட்டிக்கொண்ட குட்டி சிர்கான் கனிமத்தைச் சுற்றிக் கரிபடிந்ததுபோல ஒரு வட்டம் தெரியும். சிர்கானிலுள்ள யுரேனியமும் தோரியமும் சிதைந்து வீசும் துகள்கள் பட்ட வடு அது. கதிரியக்கமே காரணம் என்று 1907இல் விளக்கியவர் டப்ளினைச் சேர்ந்த ஜான் ஜாலி.

தமிழ்ச் சொல்லுக்குத் திரும்புவோம். பாறைக் குறிப்பு எழுதுகிறவர் பயோட்டைட் என்றே எழுதட்டும். ஆள்பெயரை மொழிபெயர்க்க முடியாது. பொதுவாசகருக்குக் 'கறுப்புக் காக்காப்பொன்' என்பேன். 'கருமைக்கா' என்றும் சொல்லலாம், ஆனால் பாதி இரவல். நுண்ணோக்கியில் பழுப்பாகத் தெரிவதைக் கறுப்பு என்பது தப்பில்லையா என்று கேட்கலாம். அதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1998இலிருந்து பயோட்டைட் என்பது தனிக் கனிமத்தின் பெயரே இல்லை. இரும்பும் மக்னீசியமும் கூடியும் குறைந்தும் வரும் கருநிற மைக்காக்களுக்கான பொதுப்பெயர் என்று பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் ஏற்றுக்கொண்டது. பகுத்தாய்வு செய்யாமல், கண்ணால் பார்த்துச் சொல்கிற பெயர். காக்காப்பொன்னும் அப்படி வந்த பெயர்தானே.