எவர்சில்வர் பம்பா? உள்ளே என்ன உலோகம் என்று கேட்டு வாங்குங்கள்

பழுதுபார்க்க வரும் எவர்சில்வர் பம்புகளில் பலவற்றுக்கு வெளியே ஒரு குறையும் தெரியாது. பளபளப்பு அப்படியே இருக்கும். பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் மட்டும் தண்ணீர் சொட்டிச் சொட்டி வெள்ளைக் கறை படிந்திருக்கும். கழற்றிப் பார்த்தால், சுழலும் தண்டின் ஓரமாகத் தண்ணீர் ஒழுகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலின் கார்பன் வளையம் வளையமாகக் கீறிக்கொண்டு தேய்ந்து போயிருக்கும். தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சொட்டை அப்படியே விட்டால் பேரிங்குக்குள் ஈரம் போகும், அப்புறம் மோட்டாரின் கம்பிச் சுருளான வைண்டிங்கும் சேர்ந்து போகும்.

ஆழம் அதிகமானால் பம்பு தண்ணீர் கிடைக்காமல் வறண்டு ஓடும். அதனால் பம்பு வாங்கப் போகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதைத்தான். தரைமேல் வைக்கும் பம்பு தன் உள்ளே அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரைக் குழாயில் மேலே தள்ளுவது வெளியே இருக்கும் காற்றழுத்தம். கடல்மட்டத்தில் கணக்குப்படி அது 10.3 மீட்டர் வரை தள்ளும். நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் நம்ப வேண்டாம். மலைப்பகுதியில் இன்னும் குறையும். ஹெச்.பி.யைக் கூட்டினால் ஆழத்திலிருந்து இழுக்கும் என்பது தவறான நம்பிக்கை. கோடையில் நீர்மட்டம் எங்கே இறங்குகிறதோ அதை வைத்து முடிவெடுங்கள். அது 7 மீட்டருக்குக் கீழே போகும் என்றால் எவர்சில்வரோ வார்ப்பிரும்போ, இந்த வகை பம்பே வேண்டாம், நீர்மூழ்கி பம்புதான் சரி.

சரி, ஆழம் ஒத்துவருகிறது. இனி உலோகம். எவர்சில்வர் வாங்குவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. வார்ப்பிரும்பு பம்பைச் சில வாரம் ஓட்டாமல் வைத்தால் உள்ளே துரு ஏறி, தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் பிடித்துக்கொள்ளும். சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. எவர்சில்வரில் அந்தத் தொல்லை இல்லை, தண்ணீரில் துரு நிறமும் கலக்காது. ஆனால் ‘எவர்சில்வர் பம்பு’ என்று விற்கப்படுவதில் சிலவற்றுக்கு வெளிக்கூடு மட்டுமே எவர்சில்வர். இம்பெல்லர் பிளாஸ்டிக்காக இருக்கலாம், சீலைத் தாங்கும் பின்தட்டு அலுமினியமாகவோ வார்ப்பிரும்பாகவோ இருக்கலாம். நல்ல பிளாஸ்டிக் இம்பெல்லர் மோசமில்லை, மணல் இல்லாத தண்ணீரில் நன்றாகவே உழைக்கும். என் கவலை பின்தட்டைப் பற்றித்தான். சீல் உட்காரும் இடம் அரித்துப்போனால் புது சீல் போட்டாலும் ஒழுக்கு நிற்காது. தண்ணீர் படும் ஒவ்வொரு பாகமும் என்ன உலோகம் என்று விவரத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வீட்டுத் தண்ணீருக்கு 304 ரகம் போதும். உப்புத் தண்ணீர் என்றால் மாலிப்டினம் கலந்த 316 பாருங்கள். குளோரைடு லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினால் 304-இல் ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழ வாய்ப்பு உண்டு. காந்தம் ஒட்டினால் 304 இல்லை என்று சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். அதை முழுதாக நம்ப முடியாது. 304 தகட்டை அச்சில் அழுத்தி வளைத்தால் அந்த இடத்தில் காந்தம் லேசாக ஒட்டும்.

பெயர்த்தகட்டில் ‘ஹெட் (ஏற்றும் உயரம்) 30 மீட்டர், மணிக்கு 2400 லிட்டர்’ என்று போட்டிருந்தால் இரண்டும் பெரும்பாலும் உச்ச அளவுகள், ஒன்றாகக் கிடைக்காது. 30 மீட்டரில் தண்ணீர் வரவே வராது. 2400 லிட்டர் வருவது உயரமே ஏற்றாதபோது. நீர்மட்டத்திலிருந்து மாடித் தொட்டி வாய் வரை 12 மீட்டர், குழாய் உராய்வுக்கும் எல்போக்களுக்கும் 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு வேண்டியது 15 மீட்டரில் என்ன வரும் என்ற எண். விவரத்தாளின் அட்டவணையில் அந்த வரியைப் பாருங்கள். அங்கே 1500 லிட்டர் என்றிருந்தால் 1000 லிட்டர் தொட்டி நிரம்ப 40 நிமிடம் ஆகும்.

தண்ணீரை இழுக்கும் சக்‌ஷன் குழாயைப் பம்பின் வாயைவிடச் சின்னதாகப் போடவே கூடாது. மூட்டில் மயிரிழை அளவு காற்று புகுந்தாலும் பம்பு தண்ணீரை இழுக்காமல் விட்டுவிடும். நுனியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு, கீழ்த்தொட்டியில் தண்ணீர் தீர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஃப்ளோட் சுவிட்ச், இரண்டையும் பம்போடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். முதல்முறை ஓட்டுவதற்கு முன் பம்பின் மேல்மூடியைத் திறந்து தண்ணீர் நிரப்ப வேண்டும்; தானாக இழுக்கும் வகைக்கும் இது பொருந்தும். பில் போடும் முன் சீலும் இம்பெல்லரும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால் வேறு மாடல் பாருங்கள்.