புகாரே வராத அலுவலகம்

"எங்கள் ஆபீஸில் யாரும் புகார் சொல்வதே இல்லை." பணியிட ஆய்வுக்குப் போனால் நிர்வாகிகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். தயவுசெய்து இதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ஆறு மாதமாகத் தவறுப் பதிவேடு காலியாக இருந்தால், தவறுகள் உங்கள் மேசைவரை வரவில்லை என்றுதான் பொருள்.

1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். திறமையாக இயங்கும் குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவுகளில் அங்கேதான் பிழை அதிகம். அந்தக் குழுக்களில் பிழையை வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது என்பதே அவர் கண்ட விளக்கம்.

அடுத்தது, "பயம் இருந்தால்தான் வேலை நடக்கும்." பயந்தவர் வேகமாக ஓடுவார், உண்மைதான், ஆனால் நீங்கள் பார்க்கும் வேலைக்குத்தான் ஓடுவார். உங்கள் கண்ணில் படாத விரிசலை யார் சொல்வது? 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றான, நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானத்தின் பொறியாளர், தங்கள் விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, முன்னால் இருக்கும் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். அனுபவம் மிக்க தலைமை விமானி விலகிவிட்டதாக அடித்துச் சொன்னார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. இளையவர் துணிந்து சொல்லவும் மூத்தவர் காது கொடுக்கவும் விமானத் துறை தனிப் பயிற்சியே கொண்டுவந்தது இத்தகைய விபத்துகளுக்குப் பிறகுதான்.

அடையாளங்கள் கண்ணெதிரேயே இருக்கும். மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டுவார்கள், உண்மைப் பேச்சு நடைவழியில் நடக்கும். கெட்ட செய்தி கெடு முடிவதற்கு முந்தைய நாள்தான் வரும். சின்ன மெயிலுக்கும் பத்துப் பேரை நகலில் சேர்ப்பார்கள்; அது தற்காப்பு. ராஜினாமாக் கடிதங்கள் எல்லாம் "சொந்தக் காரணம்" என்றே சொல்லும்.

மாற்ற வேண்டுமானால் மேலாளரிடமிருந்து தொடங்குங்கள். கெட்ட செய்தி வந்ததும் உங்கள் முதல் பத்து வினாடி முகத்தைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். "யார் செய்தது?" என்று கேட்காதீர்கள். "என்ன நடந்தது, இப்போது எதைக் காப்பாற்றலாம்?" என்று கேளுங்கள். கூட்டத்தில் மூத்தவர் கடைசியில் பேசட்டும். "ஏதாவது கருத்து உண்டா?" என்பது பயனற்ற கேள்வி. ஐந்து நிமிடம் கொடுத்து, இந்தத் திட்டம் எங்கே சறுக்கும் என்று ஆளுக்கு ஒன்று எழுதச் சொல்லுங்கள். எழுதியதற்கு என்ன ஆனது என்பதை ஒரு வாரத்துக்குள் திரும்பச் சொல்லுங்கள். முடியாது என்பதும் பதில்தான். பதிலே வராவிட்டால் அடுத்த முறை வெள்ளைத்தாள்தான் வரும்.

பெயரில்லாக் கருத்துக்கணிப்பு நடத்திவிட்டு, நான்கு பேர் கொண்ட குழுவின் முடிவைத் தனியாக எடுத்துப் பார்க்காதீர்கள்! எழுதியது யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தண்டனையே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கைதவறிச் செய்ததையும், தெரிந்தே மறைத்ததையும் ஒரே தராசில் வைக்காதீர்கள், அவ்வளவுதான். கத்துகிறவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டு, மனம் திறந்து பேசுங்கள் என்று சுவரில் ஒட்டினால் ஒருவரும் நம்ப மாட்டார்.

ஊழியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடந்ததைத் தேதி, நேரம், உடனிருந்தவர்களோடு அன்றன்றே குறித்து வையுங்கள். முடிந்தால் இரண்டு பேராகப் போய்ச் சொல்லுங்கள். மிரட்டலோ பாலியல் தொந்தரவோ என்றால், கலாசாரம் மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முறையான புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள்.